பரண்: காவலும் வேட்டையும்

‘பரண்’ என்னும் சொல்லைக் கேட்டதும் நகரத்து வாசகர் மனத்தில் தோன்றுவது, சமையலறைக் கூரையை ஒட்டி அமைந்து, பழம் பாத்திரங்களும் எவரும் படிக்காத புத்தகங்களும் ஒட்டடை படிந்து கிடக்கும் ஒரு தட்டுத்தான். சிற்றூரில் பிறந்தவர்க்கு மட்டுமே கொல்லை நடுவில் நான்கு கால்களின்மேல் நின்ற ஓலைக்குடில் நினைவுக்கு வரும். வேட்டைக்கும் காவலுக்கும் உரியதாக இருந்த ஒரு கட்டுமானம் வீட்டுக்குள் புகுந்து சாமான் தட்டாக ஒடுங்கியதே ஒரு வரலாறு. ஆயினும் நம் வரலாற்று நூல்களில் அதற்கு இடமில்லை. கோயிலைக் கல்லில் கட்டினோம், அது நிற்கிறது. கோட்டையின் அடித்தளமேனும் எஞ்சுகிறது. மரக்கால் நட்டுக் கொடியால் கட்டிய பரணோ ஓர் அறுவடைக்காலம் நின்று, மறு மழையில் சாய்ந்து, கறையானுக்கு இரையாகிவிடும். அது நிலத்தில் விட்டுச்செல்வது நான்கு குழிகள். மலைச்சரிவில் அவற்றைத் தேடி அகழ்வார் யாருமிலர். எனவே பரணின் பழமைக்குச் சான்று தேடுவோர் சொற்களிடமே செல்லவேண்டியிருக்கிறது.

அச்சொற்கள் நம்மிடம் தாராளமாகவே உள்ளன. இதணம், கழுது, பணவை என்பன பரணைக் குறிக்கும் பழஞ்சொற்கள். இவற்றைப் படிக்கும்போது நம் மனம் உடனே கிளிகடியும் பெண்ணிடமும், ஒளிந்து வரும் தலைவனிடமும் சென்றுவிடுகிறது. வள்ளியம்மை தினைக்காத்த கதையும், அதனைக் கூத்தாகவும் நாடகமாகவும் பலமுறை கண்ட பழக்கமும் இதற்குக் காரணம். பரண் காதலுக்காகக் கட்டப்பட்டதுபோன்ற ஒரு மயக்கம் நம் உரைநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் நிலவுகிறது. பரணைக் கட்டியவன் அதனைப் பசிக்கு அஞ்சியே கட்டினான் என்பதையும், காவல் மேடையே வேட்டை மேடையாகவும் இருந்தது என்பதையும் அப்பாடல்களே சொல்கின்றன.

மலைபடுகடாத்தைப் பார்ப்போம். நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், மலைவழியில் அவர்கள் காணக்கூடியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்கிறார். அவற்றுள் ஒன்று இறந்துகிடக்கும் ஒரு காட்டுப்பன்றி. கழுதின்மேல் இருந்த கானவன் எய்த அம்பை மார்பில் தாங்கியபடியே ஓடி, புண் மிகுந்து, வழியின் குறுக்கே இருளைத் துண்டித்துப் போட்டாற்போல் விழுந்துகிடக்கும் பன்றி அது. வழிச்செல்வோர் அதனைத் தீயில் வாட்டி உண்டு போகலாம் என்பது புலவரின் அறிவுரை. இங்கே காதல் இல்லை, கிளி இல்லை. பயிரை மேய வந்த விலங்கை உயரத்திலிருந்து எய்த ஒருவனின் இரவு வேலை மட்டுமே இருக்கிறது. எய்தவன் பரணை விட்டு இறங்கி இருட்டில் அடிபட்ட பன்றியைத் தேடிச் செல்லவில்லை என்பதும் குறிப்பாக விளங்குகிறது. அடிபட்ட பன்றியின் இயல்பறிந்த எவனும் செல்லமாட்டான்.

இதற்கு நேர்மாறான ஒரு முறையைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வறண்ட நிலத்து எயினர், மான்களின் அடித்தடம் பதிந்த வழியருகே நீருண்ணும் இடத்தில் குழியகழ்ந்து, அதற்குள் ஒடுங்கியிருந்து, நள்ளிரவில் நீர்வேட்கையால் வரும் பன்றியை எதிர்நோக்கிக் காத்திருப்பர் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஒருவன் நிலத்துக்குமேல் ஏறுகிறான்; மற்றவன் நிலத்துக்குள் இறங்குகிறான். இரண்டும் ஒரே நோக்கத்துக்கான இரண்டு விடைகள். மானுக்கும் பன்றிக்கும் கண்ணைவிட மூக்கே பெரிய துணை. தரைமட்டத்தில் நிற்கும் மனிதனின் வாடை காற்றோடு அவற்றைச் சேர்ந்துவிடும். உயரத்தில் இருப்பவனின் வாடை பெரும்பாலும் அவற்றின் தலைக்குமேல் கடந்துபோகும். மேலும், மான் தனக்குரிய ஆபத்தைத் தரைமட்டத்திலேயே எதிர்பார்ப்பது. புலியும் செந்நாயும் அவ்வழியே வருபவை. தலையை நிமிர்த்தி வானத்தை ஆராயும் பழக்கம் அதற்குக் குறைவு. குழியும் வேட்டுவனை மறைக்கும். ஆனால் குழியிலிருப்பவனுக்குத் தன் முன்னுள்ள சிறு இடமே தெரியும். பரணிலிருப்பவன் முழுப் புனத்தையும் பார்ப்பான். நீர்த்துறையை மட்டும் நோக்கியிருப்பவனுக்குக் குழி போதும். பயிர் காப்பவனுக்கு உயரம் தேவை.

உயரம் வேண்டுமென்றால் மரத்தில் ஏறிக்கொள்ளலாமே, நிலத்தில் கால் நட்டு எழுப்புவானேன் என்று கேட்கலாம். பழம்பாடல்களில் மரத்தின்மேல் அமைந்த இதணங்கள் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் இதணம் மரத்தின்மேல் இழைக்கப்பட்டது, புலி அஞ்சும்படியானது. தலைவியும் தோழியும் அதில் ஏறித் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளி ஓட்டுகின்றனர். அகநானூற்றுப் பாட்டொன்றில் வேங்கைமரத்தின் கவட்டில் சந்தனக்கட்டையால் செய்து, புலித்தோல் விரித்த இதணம் வருகிறது. அது களிற்றின் வலிமைக்கும் அஞ்சாதது. புலவர் அலங்காரமாகச் சொன்னதன்று இது. கட்டுமான நுட்பம் அறிந்து சொன்னதாகவே எனக்குத் தோன்றுகிறது. முதிர்ந்த வேங்கையை யானை எளிதில் அசைக்க முடியாது. நட்ட காலையோ முட்டிச் சாய்த்துவிடும். துதிக்கையை நீட்டினால் சாதாரணப் பரணின் தளம் அதற்கு எட்டும் உயரமே. ஆகவே யானைக்காட்டில் மரமே தஞ்சம். சந்தனத்தின் வயிரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மரத்துக்கு ஒரு குறை உண்டு. அது தான் நிற்கும் இடத்தில்தான் நிற்கும். காட்டை வெட்டிச் சுட்டு விதைத்த புனத்தின் நடுவில் பெருமரம் எஞ்சுவது அருமை. எஞ்சியிருந்தாலும் மான் வரும் வழிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கவேண்டியதில்லை. கால் நட்டு எழுப்பிய தனிப்பரணோ மனிதன் விரும்பிய இடத்தில் நிற்பது. காற்று எப்பக்கமிருந்து வீசும், விலங்கு எவ்விடத்தில் காட்டிலிருந்து வெளிப்படும், நிலவு எத்திசையில் எழும் என்பதையெல்லாம் எண்ணி அதன் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த ஆண்டு புனம் மாறினால் பரணும் மாறும். மரத்தின்மேல் மேடை கட்டுபவனுக்கு உயரத்தையும் உறுதியையும் மரம் இலவசமாகக் கொடுக்கிறது. தனிப்பரண் கட்டுபவன் இரண்டையும் தன் கைத்திறனால் உண்டாக்கவேண்டும்.

அக்கைத்திறன் எளியதுபோல் தோன்றும், எளியதன்று. நான்கு கால்களுக்கும் உச்சியில் இயற்கையாகவே கவை பிரிந்த மரங்களைத் தேடுவார்கள். கவை இருந்தால் ஆணி வேண்டா. விட்டம் அதில் தானாக அமர்ந்து, பாரம் ஏற ஏற இறுகும். கால்களை நேர்குத்தாக நடுவதைவிட அடிப்பகுதி சற்றே வெளியே விரிந்திருக்க நடுவது நல்லது. இரண்டு மூன்றடி ஆழக் குழியில் காலை இறக்கிச் சுற்றிலும் கல்லிட்டு மண்ணை இடித்து இறுக்கவேண்டும். நீர் தேங்கும் குழியில் மரம் முதலில் அழுகுவது அடியில் அன்று, மண்ணும் காற்றும் சந்திக்கும் தரைமட்டத்தில்தான். பழைய பரண் முறிந்துவிழுவதும் அவ்விடத்திலேயே. அதற்காகவே அடிப்பகுதியைத் தீயில் கருக்கி நடும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்திருக்கிறது. எதிரெதிர்க் கவைகளில் இரு விட்டங்கள், அவற்றின் குறுக்கே சட்டங்கள், சட்டங்களின்மேல் மூங்கில் பத்தைகள், அதன்மேல் வைக்கோல் அல்லது தழை என்று தளம் உருவாகும். குளிர்நாளில் தீ மூட்ட ஒரு மூலையில் மண் மெழுகிவிடுவதும் உண்டு.

இவ்வளவும் செய்து, ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் பரண் நில்லாது. கால்களுக்கிடையே மூலைக்கு மூலை சாய்வாக இழுத்துக் கட்டும் கொம்புகளைத்தான் சொல்கிறேன். நான்கு கால்களும் நான்கு விட்டங்களும் சேர்ந்த சதுரம், பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரமாகிச் சரியும். ஒரு சாய்கொம்பு அதனை இரண்டு முக்கோணங்களாக்கிவிட்டால் அசையாது. இதற்கு வடிவக்கணிதம் படித்திருக்கவேண்டியதில்லை. காற்றடிக்கும் ஓர் இரவு பரணில் கழித்தால் போதும். வேட்டைக்கு இது இன்னும் இன்றியமையாதது. நாணை இழுக்கும்போது தளம் முனகினால் மான் நின்ற இடத்தில் இராது. ஏறுவதற்கு, கிளைக்கணுக்களின் அடிக்கட்டையைப் படியாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கிலே ஏணி. தேனெடுக்கும் மலைமக்கள் பழம்பாடல்களில் ‘மால்பு’ என்று கையாள்வதும் இத்தகைய மூங்கில் ஏணியையே. ஏறியபின் மேலே இழுத்துக்கொள்ளலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

இனி அகநானூற்றின் 102-ஆம் பாட்டுக்கு வருவோம். புனத்துக் கழுதில் கானவன் கள்ளுண்டு களித்துக் கிடக்கிறான். அவன் மனைவியாகிய கொடிச்சி சந்தனம் பூசிய கூந்தலை விரலால் கோதியபடி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த இளங்களிறு கதிரையும் கொள்ளாமல், நின்ற நிலையும் பெயராமல், அப்பாட்டில் மயங்கி உறங்கிவிடுகிறது. இசையின் ஆற்றலுக்கு எடுத்துக்காட்டாக இப்பாட்டை நாம் மேற்கோள் காட்டுகிறோம், தவறில்லை. காவற்காரனின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். ஆண் செயலிழந்து கிடக்கிறான். யானை புனத்துக்குள் வந்துவிட்டது. பரணில் விழித்திருப்பவள் ஒரு பெண் மட்டுமே. அவள் கையில் இருப்பது குரல் ஒன்றே. பரணில் பாடுவது பொழுதுபோக்கு மட்டுமன்று: உறக்கத்தை விரட்டவும், விலங்குக்கு இங்கே ஆளிருக்கிறது என்று உணர்த்தவும், அடுத்த புனத்துப் பரணில் இருப்பவர்க்குத் தான் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கவும் அது பயன்பட்டது. இலங்கையின் சேனைப்பயிர்க் காவற்குடில்களில் சிங்கள உழவர் இரவெல்லாம் பாடிய ‘பல் கவி’ எனப்படும் பாட்டுகள் இதே தேவையில் பிறந்தவை. ‘பல்’ என்பது அவர்கள் மொழியில் காவற்குடிலைக் குறிக்கும். அக்கவிகளில் தனிமையும் அச்சமுமே மிகுதி. நம் குறிஞ்சிப் பாடல்களில் அவ்வச்சம் அடியோட்டமாக இருக்கிறது. நாம்தாம் அதனைக் காதலின் சுவைக்கு ஊறுகாயாக மட்டும் தொட்டுக்கொள்கிறோம்.

காவலும் வேட்டையும் ஒரே மேடையில் இருந்த நிலை ஆங்கிலேயர் ஆட்சியில் பிரிந்தது. அவர்கள் வடநாட்டு வழக்கிலிருந்து ‘மச்சான்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டனர். இது நம் உறவுமுறை மச்சான் அன்று. வடமொழியின் மஞ்சம் என்னும் சொல்வழி வந்தது. 1886-ல் வெளியான யூல், பர்னெல் இருவரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, புலிக்காகக் காத்திருக்கும் மேடை, வயல் காக்கும் மேடை இரண்டுக்கும் இச்சொல்லே பொது என்று பதிவு செய்கிறது. இவ்விருவருள் பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் வகுத்தவரும் அவரே. அகராதி எழுதியபோது இரண்டு பொருளும் ஒருங்கே வழங்கின. பின்னர் வந்த வேட்டைக்கதை நூல்களின் பெருக்கத்தில் வயல் மறைந்து புலி மட்டும் நின்றது. பெங்களூரில் வாழ்ந்து சேலம், தருமபுரிப் பகுதிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சனின் முதல் நூல் 1954-ல் வந்தது. அவர் கதைகளில் கயிற்றுக்கட்டிலையே மரத்தில் ஏற்றிக் கட்டி மச்சானாக்கிக்கொள்வதைக் காண்கிறோம். மஞ்சம் என்ற சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது எனலாம்.

சொல் மாறியதோடு நில்லாமல் உரிமையும் மாறியது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயமென்றது. 1879-ல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு உரிய பருவத்தையும் உரிமத்தையும் அது வரையறுத்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக்காடுகளில் புனஞ்செய்வதையே கட்டுக்குள் கொண்டுவந்தது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: பரணில் இருந்தவனிடமிருந்து முதலில் ஆயுதம், பிறகு விலங்கு, இறுதியில் புனமே விலகிச்சென்றது. பயிர்க்காவலுக்கென்று தனித் துப்பாக்கி உரிமங்கள் வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் துப்பாக்கிகளே மான்களை அழிக்கின்றன என்று விளையாட்டு வேட்டைக்காரர்கள் ஓயாது குறை கூறிவந்தனர். துரையின் துப்பாக்கி மானைக் கொன்றால் விளையாட்டு, உழவன் துப்பாக்கி கொன்றால் அழிவு என்னும் கணக்கு அது. மேடை கட்டத் தெரிந்தவனும், தடம் பார்க்கத் தெரிந்தவனும் மலைவாசிகளே. கட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே நின்று காட்டைக் கலைக்கும் வேலை அவர்களுக்கு வந்துசேர்ந்தது.

ஐரோப்பாவில் இதே கதை எதிர்த்திசையில் நடந்திருப்பது ஒப்புநோக்கத்தக்கது. 1525-ல் தென்ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் உழவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் நான்காவது, பிரபுக்களின் வேட்டை விலங்குகள் தம் பயிரைத் தின்றழிக்கத் தாம் வாய்மூடிப் பொறுக்கவேண்டியிருக்கிறது என்பது. அக்கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் உரிமை 1848-ஆம் ஆண்டுப் புரட்சியை ஒட்டித்தான் ஒழிந்தது. வேட்டையுரிமை நிலவுடைமையோடு இணைந்தது. இன்று ஜெர்மனியில் வயலும் காடும் கூடும் ஓரங்களில் மரத்தாலான மான்வேட்டைப் பரண்கள் எங்கும் நிற்கின்றன. ‘ஹோக்ஸிட்ஸ்’, அதாவது உயர்ந்த இருக்கை, என்று அவற்றுக்குப் பெயர். கூரையும் சுவரும் உடையதைக் ‘கான்ட்ஸல்’ என்பர். மாதாகோயிலில் பாதிரியார் ஏறிப் பிரசங்கிக்கும் மேடைக்கும் அதுவே பெயர். அங்கே அவை பெருகியதற்கு மறைவு மட்டும் காரணமன்று. துப்பாக்கிக் குண்டு குறி தவறினால் வெகுதூரம் போகும். மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் நிலமே அதனைத் தாங்கிக்கொள்ளும். ஊர்கள் நெருங்கிய நாட்டில் இது பெரிய பாதுகாப்பு. ஏணிப்படி உளுத்து வேட்டைக்காரர் விழுந்து மடிவதும் நேர்வதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரணைச் சோதிக்கவேண்டும் என்பது அங்கே விதி. நம் கானவன் ஆண்டுதோறும் புதிதாகவே கட்டியதால் அவ்விதி அவனுக்குத் தேவைப்படவில்லை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைமேடையின் காலத்தை முடித்துவைத்தது. முதலில் உரிமம் பெற்றோர்க்குச் சில வழிகள் திறந்திருந்தன. ஆயினும் இரவு வேட்டையும், நீர்த்துறையிலும் உப்புநிலத்திலும் காத்திருந்து கொல்வதும் அப்போதே தடை செய்யப்பட்டன. பெரும்பாணாற்றுப்படையின் நள்ளிரவு வேட்டத்தை அப்படியே கண்முன் வைத்து எழுதியதுபோன்ற பிரிவு அது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வேட்டை உரிமங்களும் போயின. அச்சட்டம் வந்திராவிடில் மான் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லாக மட்டும் எஞ்சியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் காவற்பரணுக்கு அச்சட்டத்தால் ஓய்வு கிடைக்கவில்லை. சத்தியமங்கலம், தாளவாடி, கூடலூர்ப் பக்கங்களில் காட்டை ஒட்டிய நிலங்களில் மக்காச்சோளமும் வாழையும் விளையும் காலத்தில் இன்றும் இரவுக் காவல் நடக்கிறது. தழலும் தட்டையும் இருந்த இடத்தில் மின்விளக்கும் தகர டப்பாவும் வெடியும் இருக்கின்றன. வில் மட்டும் இல்லை. மின்வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சி யானையைக் கொல்வோர் தண்டிக்கப்படவேண்டியவர்களே. ஆனால் அந்நிலைக்கு ஒருவன் வந்துசேர்வதற்குமுன் எத்தனை இரவுகளைப் பரணில் உறங்காமல் கழித்திருப்பான் என்பதைக் கேட்பார் குறைவு. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை 2025-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு ஒரு வழி வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலங்களில் புகுந்தால் வனத்துறையினர் சுடலாம்; ஒரு கிலோமீட்டருக்குள் சுடலாகாது. காட்டை ஒட்டி முதல் வரிசையில் நிலம் வைத்திருப்பவனுக்கு இதனால் மாறியது ஒன்றுமில்லை. அவன் மாலையில் சோறு கட்டிக்கொண்டு போகிறான், ஏறுகிறான், ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறான். தேக்கும் வேங்கையும் வெட்ட முடியாது என்பதால் இப்போது சில இடங்களில் பரணின் கால்கள் இரும்புக் குழாய்களாகியிருக்கின்றன. அவற்றுக்குக் கவை இல்லை; விட்டத்தைக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள்.